பாப்பாஜிக்கு ஒரு கிண்ணம் ஆட்டிறைச்சி

1

இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கும் இன்றைக்கு அவர் உயிரோடு இருக்கிறார். நீங்கள் வாசிக்கிற அன்றைக்கு எப்படியோ தெரியாது.

ஊரிலிருந்து தொலைபேசி எடுப்பவர்கள் "உங்கை என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டால், "ஆக்களுக்குச் சாப்பாடு குடுக்கிறன்" என்பேன். சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை. உண்மையில் நான் இருப்பது ரொறொன்ரோவின் வடகிழக்கு மூலையில், மில்லிக்கன் பக்கம், ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துச் சாப்பாட்டு மண்டபத்தில். தட்டு வைப்பது, மூடி திறந்து கொடுப்பது, கை நடுங்குகிறவர்களுக்குக் கரண்டி பிடிப்பது, மிச்சத்தை அள்ளுவது. வந்த புதிதில் கோப்பை கழுவினேன், பிறகு பீட்சா கொண்டு ஓடினேன், பிறகு பெட்டி அடுக்கினேன். படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆட்களோடு கதைத்துக் கதைத்துப் பொறுக்கியதுதான் எல்லாம். இந்த வேலைக்கு அது உதவுகிறது. "உம்மடை கதையைக் கேட்டுக்கொண்டிருந்தால் மருந்துக் குளிசையும் ருசியாத்தான் இருக்கும்" என்று எங்கள் மேசையொன்றில் இருக்கிற மன்னார் அன்ரி சொல்லுவா. அவவுடைய வாய்க்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை.

ஜன்னலோர மேசையில் இருப்பவர் குர்தியால் சிங். எண்பதைத் தாண்டியவர். வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பாகை, கையில் இரும்புக் காப்பு. அவர் வந்து உட்கார்ந்தால் மேசை சிறிதாகிவிடும், அப்படி ஓர் உடம்பு. மறதி நோய். பிள்ளைகள் பாப்பாஜி என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. அவர் ஆங்கிலத்தை எப்போதோ கழற்றி வைத்துவிட்டார். கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் என்னைப் பம்பாயில் ஓர் அறையில் மாதக்கணக்காகக் காக்க வைத்தான். அங்கே பொறுக்கிய இந்தி பாப்பாஜிக்குப் போதுமாக இருந்தது. மற்றவர்கள் பேசினால் சுவரைப் பார்ப்பார். நான் பேசினால் தலை திரும்பும். அவரை நான் நெடுநாளாக 'நீ' என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன். பம்பாயில் எனக்கு யாரும் 'நீங்கள்' சொல்லித் தரவில்லை. அவருடைய மகள் சொல்லித்தான் அது தெரிந்தது. "பரவாயில்லை அங்கிள், அவரை 'நீ' எண்டு கூப்பிட இப்ப ஆரும் உயிரோடை இல்லை. அவருக்குச் சந்தோசமாத்தான் இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

போன இலையுதிர் காலத்தில் பாப்பாஜி சாப்பாட்டை விடத் தொடங்கினார். பருப்பு, தயிர், மசித்த உருளைக்கிழங்கு, எதைக் கொண்டுபோனாலும் முகம் திரும்பும். மணிக்கட்டில் இருந்த காப்பு முழங்கைவரை வழுகியது. தாதிமார் தராசில் ஏற்றி இறக்கித் தலையை ஆட்டினார்கள். இந்த இடத்தில் அந்தத் தலையாட்டலுக்கு என்ன கருத்து என்று எங்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய ஆட்டிறைச்சிக் கறியையும் பிட்டையும் நான் ஊழியர் அறையில் கையால் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் எங்கள் கறித்தூள் மணம் விரலைவிட்டுப் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். பாப்பாஜிக்கு வாய் துடைக்கக் குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மணந்தார்.

"பக்ரா" என்றார். ஆடு.

நெடுநாளைக்குப் பிறகு அவர் வாயில் வந்த சொல் அது. என் கையை விடவில்லை. கண்ணில் தண்ணீர்.

2

மகள் பெயர் ஜஸ்வீர். பிக்கரிங்கில் வீடு, மார்க்கத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மத்தியான இடைவேளையில் காரில் ஓடி வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருப்பாள். மகன் மன்ஜித் பிரம்டனில். லொறிகள் ஓட விடுகிறவர், அங்கே ஒரு குருத்வாராவில் பொறுப்பில் இருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வந்ததும் தகப்பனுடைய காலைத் தொட்டுக் கும்பிடுவார். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு என் மகனை நினைத்து வயிறு எரியும்.

நான் நடந்ததை ஜஸ்வீரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவள் தகப்பனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் இறைச்சியை விட்டுக் கனகாலம், அங்கிள்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை என் பாசையில் சொல்லுகிறேன். நான் சீக்கியர் எல்லோரும் சைவம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். குருத்வாராவில் இறைச்சி போடுவதில்லையே. அது யார் வந்தாலும் ஒரே வரிசையில் இருந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகவாம். வீட்டில் இறைச்சி சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். பாப்பாஜிக்கும் இளமையில் ஆடு என்றால் உயிர். ஆனால் அமிர்தம் என்கிற தீட்சை எடுத்துக் குருவுக்கு முன்னால் வாக்குக் கொடுத்தவர்களுக்கு விசயம் வேறு. அங்கேதான் சண்டை. விலக்கப்பட்டது ஹலால் முறையில் அறுத்த இறைச்சி மட்டுந்தான், ஒரே வெட்டில் தலை விழுந்த ஜட்கா இறைச்சி சாப்பிடலாம் என்று ஒரு பகுதி. இறைச்சி, மீன், முட்டை ஒன்றுமே கூடாது என்று இன்னொரு பகுதி. மாமிசத்தைப் பற்றி வாதாடுகிறவர்களை முதற்குருவே ஒரு பாட்டில் கண்டித்திருக்கிறார் என்று இவள் சொன்னாள். அதே பாட்டுக்குத் தமையன் வேறு பொருள் சொல்லுவாராம்.

பாப்பாஜி அமிர்தம் எடுத்தது மனைவி இறந்த பிறகு, அறுபது வயதுக்கு மேல், கனடாவில். மகனோடு சேர்ந்து போய் எடுத்திருக்கிறார். அன்றோடு இறைச்சியை விட்டார். இப்போது நோய் வந்து, அந்தக் காலத்தை அழித்துவிட்டு, அவரை அதற்கு முந்தைய ஆளாக்கிவிட்டது. அந்த ஆள் ஆடு கேட்கிறார்.

இல்லத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு கூட்டம் உண்டு. தாதி, உணவு ஆலோசகர், மகன், மகள். தட்டு வைக்கிறவன் என்பதால் கடைசிக் கதிரையில் நான். சட்டப்படி பாப்பாஜிக்காக முடிவெடுக்கிற அதிகாரம் மகனுடைய கையில். அவருடைய பதிவில் 'சைவம்' என்று இருக்கிறது, அதை மாற்ற வேண்டுமானால் மகன் சொல்ல வேண்டும். உணவு ஆலோசகர் இளம்பிள்ளை, நல்ல மனசுக்காரி. சுற்றி வளைக்காமல், எடை இப்படியே இறங்கினால் கோடையைக் காணமாட்டார் என்று சொன்னாள்.

மன்ஜித் சத்தம் போடவில்லை. அவர் குரல் எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும்.

"நோய் என்ரை அப்பாவின்ரை ஞாபகத்தை எடுக்கலாம். அவர் குடுத்த வாக்கை எடுக்க ஏலாது."

"வாக்குக் குடுத்த ஆள் இப்ப இல்லை அண்ணா. பசிக்கிற ஆள்தான் இருக்கிறார்" என்றாள் தங்கை.

"அந்த ஆள் இல்லாதபடியால்தான் நாங்கள் காவல் இருக்கிறம்."

இரண்டு பேரும் அழுதார்கள். இரண்டு பேர் பக்கமும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. வெளியே வரும்போது இருவரும் ஒத்துப்போன ஒரே ஒரு விசயம் எனக்கு ஞாபகம் இருந்தது. தங்கை கேட்டாள், ஜட்கா என்றாலாவது விடுவாயா என்று. மகன் மறுத்தார். "ஹலால் எண்டால் நானே குடுக்க மாட்டன், அது உனக்கும் தெரியும்" என்றாள் அவள். "தெரியும்" என்றார் அவர். ஹலால் என்பது அந்த வீட்டில் விவாதத்துக்கு வெளியே இருந்த ஒன்று.

பதிவில் சைவம் அப்படியே இருந்தது.

3

எங்களுக்கு இந்தச் சிக்கல் புரியாது. எங்களுக்கு மச்சம், சைவம் என்று இரண்டு பெட்டிதான். வெள்ளிக்கிழமை ஒரு பெட்டி, ஞாயிற்றுக்கிழமை மற்றப் பெட்டி. மச்சம் என்று வந்துவிட்டால் அது எப்படிச் செத்தது என்று எந்தத் தமிழன் கேட்டிருக்கிறான்? பங்கு இறைச்சி வாங்கப் போனால், எலும்பு கூடிப்போச்சு, ஈரல் கிடைக்கவில்லை என்று சண்டை பிடித்திருக்கிறோம். வெட்டின விதத்தைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

ஒரு நாள் ஜஸ்வீர் என்னை வாகனத் தரிப்பிடத்தில் மறித்தாள். அவள் முடிவெடுத்துவிட்டாள் என்று நடையிலேயே தெரிந்தது.

"அங்கிள், உங்கட ஆக்கள் ஆட்டை எங்கை வாங்குறவை?"

பிரம்டனில் ஜட்கா கடைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே போய் அவள் ஆட்டிறைச்சி வாங்கினால், நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்னரே தமையனுக்குச் செய்தி போய்விடுமாம். தவிர, தகப்பன் கேட்டது என் விரலில் இருந்த மணத்தை. அவள் சமைத்தால் அந்த மணம் வராது.

நான் ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு பிளாசாவில் இருக்கிற தமிழ்ச் சாப்பாட்டுக்கடையைச் சொன்னேன். எங்கள் வீட்டு விசேசங்களுக்கெல்லாம் அங்கேதான் எடுப்போம்.

"ஹலால் இல்லைத்தானே?"

இப்போது நினைத்தாலும் நான் சொன்ன வேகம் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு கணமும் யோசிக்கவில்லை. "என்ன பிள்ளை கேக்கிறாய்? அது எங்கட சைவ ஆக்களின்ரை கடை. கல்லாவுக்கு மேலை அம்மன் படம், காலமை விளக்குக் கொளுத்தித்தான் கதவு திறக்கிறவை." அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கிற வாயா? ஊரில் வைரவர் கோயில் வேள்வியை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். கடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது சிலிர்த்ததும் ஒரே வெட்டு. இரண்டாம் வெட்டு விழுந்தால் குற்றம். அந்த இறைச்சியைப் பங்கு போட்டு ஊரே சமைக்கும். "எங்கட ஆடும் உங்கட ஆடும் ஒண்டுதான். ஒரே வெட்டு" என்று கையை ஓங்கிக் காட்டினேன்.

சிறு வயதில் அந்த வெட்டை நான் ஒரே ஒரு தரம் பார்த்தேன். தலை விழுந்த பிறகும் உடம்பு எழும்பி இரண்டடி நடந்தது. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "நீங்கள் சொன்னால் சரி, அங்கிள்" என்றாள்.

4

பாப்பாஜி சாப்பிட்டார்.

அவள் எலும்பை நீக்கி, இறைச்சியை நார் நாராகப் பிய்த்து, சோற்றோடு மசித்துக் கொண்டுவருவாள். தாதியிடம் சோயா என்று சொன்னாள். நான் மைக்கிறோவேவில் சூடாக்கிக் கொண்டுபோய் வைப்பேன். மூடியைத் திறந்ததும் மணம் எழும்பும், மன்னார் அன்ரி தன் மேசையிலிருந்து கழுத்தை நீட்டுவா. "உந்தச் சோயாவுக்கு எலும்பும் இருக்கும் போலை" என்று ஒரு நாள் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னா. 

முதல் நாள் முதல் கரண்டிக்கு முன்னால் பாப்பாஜி நிமிர்ந்து பார்த்தார். மகளை அல்ல, என்னை.

"ஜட்கா?"

"ஜட்காதான், ஜி" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

வாயைத் திறந்தார்.

அடுத்த நாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாளும். நேற்றுக் கேட்டது அவருக்கு இன்றைக்கு இல்லை. ஒவ்வொரு மத்தியானமும் அதே பார்வை, அதே கேள்வி. வெள்ளி, செவ்வாய் என்று நாள் தெரியாது, மகள் பெயர் பாதி நாள் தெரியாது. ஆனால் சாப்பிடுவதற்கு முன் கேட்க வேண்டிய அந்த ஒன்று மட்டும் அவருக்குள் எங்கேயோ ஆணி அடித்து நின்றது. என் வாயிலிருந்து சொல் வந்த பிறகுதான் வாய் திறக்கும். மகள் சொன்னால் திறக்காது.

காப்பு மறுபடியும் மணிக்கட்டுக்கு இறங்கியது. முகத்தில் சதை வைத்தது. மன்ஜித் ஞாயிற்றுக்கிழமை வந்து தகப்பனுடைய கன்னத்தைத் தடவிப் பார்த்தார். குருத்வாராவில் தகப்பனுக்காக இடைவிடாத பாராயணம் வைத்திருந்தாராம். அதன் பலன் என்று என்னிடம் சொன்னார், என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பயம் பிடித்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் மகள் துர்க்காவிடம் கேட்டேன். அவள் இங்கே பிறந்தவள். இறைச்சி, பால், தேன் எல்லாவற்றையும் விட்டவள். தமையனோ மாட்டிறைச்சி பர்கர் சாப்பிடுகிறவன். இரண்டு பேரும் எங்களைவிட்டு வெவ்வேறு பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"எனக்கு மறதி வந்தால் என்ன சாப்பாடு குடுப்பாய் பிள்ளை?"

"அப்பா, ப்ளீஸ். ஹோப்ஃபுலி வராது. உங்களுக்கு என்ன வேணுமோ அது."

"எனக்கு என்ன வேணும் எண்டு எனக்கே தெரியாட்டி?"

"தென், வட்எவர் இஸ் ஹெல்தி."

"வெள்ளிக்கிழமை மச்சம் தரக்கூடாது, என்ன."

"யூ ஈட் கேக் ஒன் ஃப்ரைடேஸ், அப்பா. கேக்கிலை முட்டை இருக்கு."

"கேக் வேறை."

மனைவி சிரித்தா. துர்க்காவும் சிரித்தாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். என்னை அன்பாகத்தான் பார்ப்பாள், சந்தேகமில்லை. ஆனால் கேக் ஏன் வேறை என்பது அவளுக்குத் தெரியாது, எனக்கும் விளங்கப்படுத்தத் தெரியாது. ஒரு நாள் ஒரு கூட்டத்தில் யாரோ அவளிடம், உன் அப்பா என்ன மாதிரி ஆள் என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்லுவாள். அந்தப் பதில்தான் பிறகு நான்.

5

மனைவியின் தங்கை குடும்பம் வருகிறது என்று ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்கு நானே போனேன். கல்லாவில் இருக்கிறவர் வல்வெட்டித்துறைப் பக்கம், என்னைவிட இளையவர், நையாண்டிக்காரர். சனம் இல்லாத நேரம். கதை கொடுத்தேன். ஒரு பஞ்சாபிப் பிள்ளை ஒவ்வொரு நாளும் வந்து ஆட்டுக்கறி எடுக்கிறாளே என்றேன்.

"ஓம் அண்ணை, மத்தியானம் வாற பிள்ளை. எங்கட ஆக்களே விலை கேட்டுட்டுப் போகினம், அவ ஒண்டும் கேக்கிறேல்லை."

"எங்கட ஆடெண்டால் அவைக்கு நம்பிக்கை. ஹலால் இல்லைத்தானே."

அவர் கணக்கடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஆர் சொன்னது? எல்லாம் ஹலால்தான் அண்ணை."

"அம்மன் படம் வைச்சிருக்கிறாய்?"

"அம்மன் படம் எனக்கு. ஆடு மொத்தக்கடையிலையிருந்து வருகுது. எங்கட பக்கத்துத் தமிழ்க்கடையள் முக்காவாசி உப்பிடித்தான். நீங்கள் இவ்வளவு நாளும் எதைச் சாப்பிட்டனீங்கள் எண்டு நினைச்சனீங்கள்? வைரவருக்கு வெட்டினதோ?"

வாசல் கண்ணாடியைக் காட்டினார். உள்ளேயிருந்து பார்க்க எழுத்து இடம்வலம் மாறித் தெரிந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். பச்சை எழுத்தில் 'ஹலால்' என்று, கதவுப் பிடிக்கு நேர் மேலே, ஒரு ஸ்ரிக்கர். வெயிலில் மங்கிப்போன பழைய ஸ்ரிக்கர். எத்தனை வருசமாக அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன்.

ஒரு முஸ்லிம் சகோதரனுக்கு அந்தப் பச்சை எழுத்துத்தான் நிம்மதி. அது இல்லாமல் அவன் உள்ளே வரமாட்டான். என் மனைவிக்கு அது ஒன்றுமேயில்லை. பாப்பாஜிக்கு, வாக்குக் கொடுத்த பாப்பாஜிக்கும் சரி, அதற்கு முந்தைய பாப்பாஜிக்கும் சரி, வாயில் படவே கூடாதது அது.

திங்கட்கிழமை ஜஸ்வீர் வந்ததும், அவள் பையைத் திறப்பதற்கு முன் நடைபாதையில் வைத்துச் சொன்னேன். தப்பு என்னுடையது, தெரியாமல் சொல்லிவிட்டேன், இனி வேண்டாம் என்றேன். அவள் பதறுவாள் என்று நினைத்தேன். பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"அந்த ஸ்ரிக்கரை நான் முதல் நாளே கண்டனான், அங்கிள்."

தள்ளுவண்டி ஒன்று வந்தது, இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கினோம்.

"கார் கதவைத் திறக்கேக்கையே கண்டனான். திரும்பிப் போவமெண்டு பாத்தன். பிறகு நீங்கள் சொன்னதை நினைச்சன். நீங்கள் அவ்வளவு நிச்சயமாச் சொன்னீங்கள். எனக்கு அது காணும் எண்டு உள்ளை போனன்."

"பிள்ளை, நீ அண்டைக்கு அண்ணனுக்குச் சொன்னது..."

"தெரியும். நிப்பாட்டினால் அவர் செத்துப்போவார். அதுவும் தெரியும்."

சாப்பாட்டு மண்டபத்துக் கதவுக்கு அப்பால் பாப்பாஜி கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"இனி அவர் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றேன்.

"வழமையாச் சொல்லுறதைச் சொல்லுங்கோ."

போய் வைத்தேன். மூடியைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, புதிதாகக் கேட்பதுபோல, மரியாதையாகக் கேட்டார்.

"ஜட்கா?"

அதே சொல்லைத்தான் சொன்னேன். அன்றுவரை அதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். அன்றைக்கு மூடியை மேசையில் வைத்துவிட்டுத்தான் சொன்னேன். அவர் வித்தியாசம் கண்டமாதிரி இல்லை. வாயைத் திறந்தார். அடுத்த நாளும். அதற்கு அடுத்த நாளும். விடிய எழும்பிப் பல் தீட்டும்போதே எனக்கு அந்தக் கேள்வி கேட்கத் தொடங்கியது. மத்தியானம்வரை ஒருவரோடும் கதைக்க மனம் வரவில்லை. "என்ன, இண்டைக்கு உமக்கு நாக்குச் சுளுக்கோ?" என்று மன்னார் அன்ரி கேட்டா.

அவர் ஒவ்வொரு நாளும் மறந்துவிடுகிறார், அதனால் ஒவ்வொரு நாளும் ஏமாறுகிறார். பொய் சொல்லுகிறவனுக்கு அந்த வசதி இல்லை.

6

போன ஞாயிற்றுக்கிழமை மன்ஜித் வந்தார். வழமையாகச் சாப்பாட்டு நேரம் கழித்து வருகிறவர், அன்றைக்கு மத்தியானமே குருத்வாராவில் இருந்து பருப்பும் ரொட்டியும் கொண்டுவந்திருந்தார். அன்றைக்குப் பாப்பாஜி நல்ல தெம்பாக இருந்தார், தலைப்பாகையை மகன் தானே கட்டிவிட்டார். ஜஸ்வீரும் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பை கொண்டுவருவதில்லை. அன்றைக்கு மட்டும் பாப்பாஜி பசியோடு இருந்து பின்னேரம் இல்லத்துத் தயிரில் இரண்டு கரண்டி எடுப்பார், அது வழமை.

நான் பருப்பைச் சூடாக்கிக் கொண்டுபோய் வைத்து மூடியைத் திறந்தேன்.

பாப்பாஜி கிண்ணத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஜட்கா?"

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த மன்ஜித்தின் கை நின்றது. ஜஸ்வீர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதிலிருந்து ஆவித் தண்ணீர் என் சப்பாத்தில் சொட்டியது.

"ஜட்கா?" பாப்பாஜி மறுபடியும் கேட்டார். பதில் வராமல் வாய் திறக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

மகன் என்னைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். பிறகு தகப்பனுடைய கன்னத்தை, அந்தச் சதை வைத்த கன்னத்தை, நெடுநேரம் பார்த்தார். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. சத்தம் போடுவார், மேலாளரைக் கூப்பிடுவார், என் வேலை போகும் என்று காத்துக்கொண்டு நின்றேன். போகட்டும் என்றும் இருந்தது.

அவர் கரண்டியை எடுத்தார். பருப்பில் தோய்த்தார். அந்தத் தாழ்ந்த குரலில் தகப்பனிடம் சொன்னார்:

"ஜட்கா, பாப்பாஜி."

வாக்கைக் காவல் காக்கிறேன் என்ற மனிதர். அந்தச் சொல்லைச் சொல்ல அவர் எவ்வளவு தூரம் இறங்கி வந்தார் என்று எனக்குத் தெரியும். பாப்பாஜி என்னை ஒருதரம் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தார்.

பருப்பு உள்ளே போனது. அவர் மெல்லவில்லை, விழுங்கவில்லை. நாக்கில் வைத்துக்கொண்டு இருந்தார். மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்களை யாரென்று தெரியாதவர் பார்க்கிற பார்வை இல்லை அது. தெரிந்தவர் பார்க்கிற பார்வை. பிறகு பருப்பு கடைவாய் வழியாகத் தாடியில் வடிந்தது. ஜஸ்வீர் துடைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் ஆட்டிறைச்சி கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தேன், மணம் எழும்பியது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாயும் திறக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. விழுங்குகிற பழக்கமே நோயில் போய்விடும், இது இந்த நோயின் கடைசிப் படிகளில் ஒன்று, யாருடைய குற்றமும் இல்லை என்று தாதி சொன்னாள். அப்படியும் இருக்கலாம். அவள் படித்தவள்.

என் மேல் முறைப்பாடு ஒன்றும் இதுவரை வரவில்லை.

இன்றைக்கு மத்தியானம் நான் எதிர்பாராத ஆள் வந்தார். வேலைநாளில், பிரம்டனில் இருந்து, மன்ஜித். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அங்கே இருக்கிற கடையில் தானே நின்று, ஒரே வெட்டுத்தான் என்று கேட்டு உறுதிப்படுத்தி வாங்கியிருக்கிறார். வீட்டில் இதுவரை இறைச்சி ஏறாத அடுப்பில் மனைவியைக்கொண்டு சமைப்பித்திருக்கிறார். ஜஸ்வீர் எழுந்து அவருக்குக் கதிரையை விட்டாள்.

அவர் எலும்பை நீக்கினார். நார் நாராகப் பிய்த்தார். அந்த வேலை பழக்கமில்லாத விரல்கள். கரண்டியைத் தகப்பனுடைய உதட்டருகே கொண்டுபோய், "ஜட்கா, பாப்பாஜி" என்றார். பாப்பாஜி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ" என்றார். கெஞ்சினார் என்றுதான் எழுத வேண்டும்.

நான் குனிந்து, அவருடைய காதுக்குக் கிட்டப் போய், 'நீ' போட்டுத்தான் சொன்னேன். இது ஜட்கா. உன்ரை மகன் வாங்கி வந்தது. உண்மையா ஜட்கா.

இந்தத் தரம் அது உண்மை. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம். கறி ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாகப் படரும்வரை சொன்னோம். அவர் வாயைத் திறக்கவில்லை.